பிளாஸ்ரிக்கில் விரலடையாளம்: தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்திலை உயர்தரப் பிள்ளையளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறன். விஞ்ஞானக் கண்காட்சிக்கு, பிளாஸ்ரிக்கில் மறைஞ்சிருக்கிற விரலடையாளத்தை எடுத்துக் காட்ட ஆசைப்படுகினம்.

பழைய மீன்தொட்டிக்குள்ளை சுடுதண்ணியும், இளஞ்சூடாக்கின சுப்பர் குளூவும் வைச்சு மூடினம். அதின்ரை சைனோஅக்ரிலேற்று ஆவி விரல் வேர்வையிலை ஒட்டி வெள்ளையா இறுகும். தண்ணிப் போத்தலிலை ரேகை சுழிசுழியா வந்துது, பிள்ளையள் துள்ளிச்சினம்! வெள்ளை யோகட் கோப்பையிலை ஒண்டும் தெரியேல்லை. பொலித்தீன் பை முழுக்க வெள்ளைப் படலம்.

ஈரப்பதன் 80 சதவீதமளவிலை இருக்கவேணும். எங்கடை தொட்டிச் சுவரிலை தண்ணியே வழிஞ்சுது. பிழை அதிலையோ, கூடநேரம் வைச்சதிலையோ? ஆவி பிடிச்ச ரேகையை விசேட வெளிச்சத்திலை ஒளிர வைக்கிற ரோடமைன் 6ஜி சாயத்தைப் பிள்ளையளின்ரை கையிலை குடுக்க மனமில்லை. கோப்பைக்கு ஆவிக்குப் பிறகு கறுப்புத்தூள் தடவலாமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.