ஜிஆர்86-க்கு வாங்கிய வின்டர் வீல் ஹப்பில் உட்காரவில்லை, உதவி தேவை

கொங்கு86 (மொன்ட்ரியல்), நவம்பர் 18

வணக்கம். என்னிடம் இருப்பது 2023 டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். கம்பெனியே போட்டுக் கொடுத்த 18 அங்குல வீலில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4, அளவு 215/40 ஆர்18. முழுக்க முழுக்க கோடைக்கால டயர். போன வாரம் ஒரு காலை, மைனஸ் 3 டிகிரி. பனிகூட இல்லை, காய்ந்த ரோடுதான். வீட்டு முனையில் மெதுவாகத் திரும்பும்போதே பின்பக்கம் விலகிப் போனது. மனைவியும் வண்டியில் இருந்தாள். அன்றிலிருந்து வண்டியை எடுக்கவில்லை.

இங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். கேட்ட கடைகளிலெல்லாம் டிசம்பர் இரண்டாம் வாரம்தான் நேரம் கிடைக்கும் என்கிறார்கள். சரி, நாமே மாட்டிக்கொள்வோம் என்று பழைய செட் ஒன்றை வாங்கினேன். ஒரு கொரோலாவிலிருந்து கழற்றியது, 16 அங்குல அலாய், டயரோடு சேர்த்து நான்கு. "ரெண்டுமே டொயோட்டா, ரெண்டுமே அஞ்சு ஓட்டை, அப்படியே ஏறும்" என்றார் விற்றவர். நானும் ஓட்டைகளின் வட்டத்தை அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். 5×100, அதாவது ஐந்து ஓட்டை, 100 மில்லிமீட்டர் வட்டம். சரியாகவே இருந்தது.

நேற்று முன் இடது வீலைக் கழற்றி இதை வைத்தேன். ஹப்பிலிருந்து (வீலை மாட்டும் நடுப்பகுதி) நீட்டியிருக்கும் ஐந்து ஸ்டட்டும், அதாவது நட்டுப் போடும் போல்ட்டும், ஓட்டைக்குள் ஒழுங்காகப் போகின்றன. ஆனால் வீல் ஹப்போடு ஒட்டாமல் சுண்டுவிரல் கனத்துக்கு வெளியே நிற்கிறது. துருவாக இருக்கும் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன், மாற்றமில்லை. கூடவே கொடுத்த நட்டைப் போட்டால் கையால் இரண்டு சுற்று போகிறது, அப்புறம் பிடித்துக்கொள்கிறது. ஸ்பேனர் போடவில்லை. போட்டு இறுக்கினால் வீல் உள்ளே போய்விடுமா?

மழைக்காதலன்

என் சிவிக்கில் இப்படித்தான் இருந்தது. ரப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள், உட்கார்ந்துவிடும்.

கராஜ் அண்ணா (ஸ்காபரோ)

தம்பி, சுத்தியலும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம். ஸ்பேனர் போடாமல் விட்டது பெரிய விஷயம். போட்டிருந்தால் இன்றைக்கு ஸ்ரட் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு பிரச்சினை. முதலாவது நடு ஓட்டை. கொரோலாவின் 5×100 சில்லில் (வீலில்) நடு ஓட்டை 54.1 மில்லிமீற்றர். அதற்குள் நுழைய வேண்டிய உங்கள் ஹப்பின் நடு மேடு 56.1. இரண்டு மில்லிமீற்றர்தான், ஆனால் இரும்பு இரும்புதான், அது ஏறாது. சிவிக்காரர் சொன்னது துருப்பிடித்து இறுகிய சில்லுக்குச் சரி, இதற்குச் சரிவராது. இரண்டாவது நட்டு. கொரோலா நட்டின் மரை 12×1.5, உங்கள் ஸ்ரட்டின் மரை 12×1.25; தடிப்பு ஒன்று, மரையின் இடைவெளி வேறு. அதுதான் இரண்டு சுற்றோடு பிடித்தது. அந்த இடத்தில் பலம் போட்டால் மரை வழிந்து போகும்.

காரணம் என்னவென்றால், பெயர்ப்பலகையில் ரொயோட்டா என்று இருந்தாலும் அந்தக் கார் ஜப்பானில் குன்மாவில் இருக்கிற சுபாரு தொழிற்சாலையில் செய்தது. எஞ்சின், ஹப், ஸ்ரட், நட்டு எல்லாம் சுபாரு அளவு. சில்லு தேடும்போது "ரொயோட்டா" என்று தேடாமல் "சுபாரு 5×100" என்று தேடுங்கள். அதிலும் ஒரு கவனம்: 2015 மொடலிலிருந்து வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 5×114.3, அது வேண்டாம். இம்ப்ரெசா என்றால் பழைய 5×100 காலத்துடையது.

நடு ஓட்டையைக் கடைசல் போட்டுப் பெருப்பிக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். உங்கள் வீட்டு ஆட்கள் ஏறுகிற காருக்கு அந்த வேலை வேண்டாம்.

ரயரையாவது காப்பாற்றலாமா என்று பார்ப்போம். பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். அது என்ன? வின்ரர் ரயருக்கான, மலையும் பனிச்செதிலும் போட்ட அடையாளம் இருக்கிறதா? பள்ளம் எத்தனை மில்லிமீற்றர்?

கொங்கு86

அண்ணா, மிக்க நன்றி. வயிற்றில் பால் வார்த்தீர்கள். இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று டயரில் 4116, ஒன்றில் 4216. மலை, பனி அடையாளம் இருக்கிறது. பள்ளம் இரண்டில் 5 மில்லிமீட்டர், மற்ற இரண்டில் 4-க்கும் குறைவு. ரப்பரை நகத்தால் அழுத்தினால் துளிகூட உள்ளே போகவில்லை. என் கோடை டயரைவிட கட்டியாக இருக்கிறது.

கராஜ் அண்ணா

4116 என்றால் 2016-இல் 41-ஆம் வாரம் செய்தது. வின்ரர் ரயரின் உயிர் அந்த மென்மையான ரப்பரிலும் கட்டைகளில் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகளிலும்தான். ரப்பர் இறுகிவிட்டால் அடையாளம் இருந்தும் பயனில்லை. 1.6 மில்லிமீற்றர் வரை சட்டம் விடும், ஆனால் பனியில் 4-க்குக் கீழே ஓடக்கூடாது என்று கனடா போக்குவரத்துத் துறையே சொல்கிறது. இந்த செட்டை விட்டுவிடுங்கள் தம்பி.

வெண்பனி (கியூபெக் நகரம்)

தம்பி, என்னிடம் இதே வண்டியின் சுபாரு உடன்பிறப்பு பிஆர்இசட் இருக்கிறது, இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

18 அங்குலத்தை விட்டுவிட்டு 17-க்கு இறங்குங்கள், டயர் 215/45 ஆர்17. உங்கள் வண்டியின் கீழ் மாடல் இதே அளவில்தான் வருகிறது, அதனால் பிரேக் இடிக்குமோ என்ற கவலை குறைவு. மொத்த விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் 18 அங்குல செட் 629 மில்லிமீட்டர், இது 625. ஸ்பீடோமீட்டர் மாறியதே தெரியாது. பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் இங்கே பனிக்கடியில் ஒளிந்திருக்கும் குழிகளில் ரிம் தப்பிக்கும். எனக்கு ஒருமுறை தப்பித்திருக்கிறது. டயரில் லோடு எண் (எடை தாங்கும் குறியீடு) 87-க்குக் குறையக்கூடாது. வேகக் குறியீடு கோடை டயரைவிடக் கீழே இருந்தால் பரவாயில்லை.

புது அலாய் வாங்கினால் நடு ஓட்டை பெரும்பாலும் பெரிதாக இருக்கும், 73.1 மாதிரி. அதற்கு 73.1-லிருந்து 56.1-க்கு ஹப் வளையம் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். எந்த ரிம்மாக இருந்தாலும் டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பர் உரசினால் அப்போதே கேட்டுவிடும்.

காற்றழுத்த சென்சார் போடாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கனடாவில் அது கட்டாயமில்லை, ஆனாலும் குளிர் ஏற ஏற காற்று இறங்கும். நான் சென்சார் போட்டேன், பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் நகலெடுத்துத் தந்தார்கள்.

மழைக்காதலன்

மன்னிக்கவும், ஹப் அளவு விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம்: பின் சக்கரம் இழுக்கும் வண்டிதானே, பின்னால் இரண்டு மட்டும் போட்டால் செலவு பாதியாகுமே?

வெண்பனி

வேண்டவே வேண்டாம். கிளம்புவதற்குப் பின் டயர் போதும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன் டயர் வேண்டும், பிரேக் பிடிக்கையில் எடை பெரும்பாலும் முன்னால்தான் வந்து விழுகிறது. தவிர, கியூபெக்கில் நான்கிலும் அந்த மலை அடையாளம் இருக்க வேண்டும்.

கொங்கு86, நவம்பர் 29

வேலை முடிந்தது. கொரோலா செட்டை, கொரோலாவே வைத்திருக்கும் ஒருவரிடம் டயரின் வயதைச் சொல்லிவிட்டே கொடுத்தேன். அவருக்கு ரிம் மட்டும்தான் தேவையாம். எனக்குப் பழைய இம்ப்ரெசாவின் 17 அங்குல ரிம் நான்கு கிடைத்தது. அக்கா சொன்னபடி வெறும் ரிம்மை வைத்தேன். கொரோலா வீல் முறைத்துக்கொண்டு நின்ற அதே ஹப்பில் "டக்" என்று உட்கார்ந்தது. சுற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. பிறகு புது பிளிசாக் வின்டர் டயர் ஏற்றி, பேலன்ஸ் பண்ணி, வண்டியின் சொந்த நட்டையே போட்டு, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு நட்சத்திர வரிசையில் இறுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தேன். ஒரு நட் மட்டும் கால் சுற்று வாங்கியது.

கராஜ் அண்ணா

நல்லது தம்பி. கோடை ரயரை வீட்டுக்குள்ளே வையுங்கள், வெளியே கடும் குளிரில் போட்டால் ரப்பரில் வெடிப்பு விழும்.

கொங்கு86, டிசம்பர் 9

அண்ணா, அக்கா, இன்று காலை பயந்துவிட்டேன். இரவு முழுக்க பனி. நெடுஞ்சாலையில் 90 தொட்டதும் வண்டி முழுவதும் அதிர்கிறது. நேற்று வரை இல்லை. நட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. பேலன்ஸுக்கு ரிம்மில் ஒட்டிய எடைக் கட்டை விழுந்திருக்குமா?

வெண்பனி

கட்டையைத் தேடும் முன் ரிம்மின் உட்பக்கம் கைவிட்டுப் பாருங்கள்.

கொங்கு86

பின் வலது ரிம்முக்குள் ஒரே பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஐஸ் ஒட்டி இறுகியிருந்தது. மரக்கரண்டியால் சுரண்டி எடுத்தேன். திரும்பி வரும்போது 100-லும் அதிர்வு இல்லை.