புதுப்பிப்பு: மச்சானுக்கு ஈரல் கொடுத்தாச்சு

மார்கழியில கேட்டிருந்தேன்: அக்கா வீட்டுக்காரருக்கு ஈரல் சுருங்கிப்போச்சு, அக்காவுக்கு ரத்த வகை சேரலை, நான் கொடுக்கலாமான்னு. கொடுத்தாச்சு. இன்னைக்கு 70-வது நாள். (குடியான்னு கேட்டவங்களுக்கு: இல்லை, ஹெபடைடிஸ் பி.)

ஆபரேஷனை விட அலைச்சல்தான் பெருசு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துல நெருங்கிய உறவுன்னா பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க. மச்சான் அதுல கிடையாது! அனுமதிக் குழு முன்னாடி உட்கார்ந்து, காசு வாங்கலைன்னு புரியவைக்கணும். அக்கா கல்யாண ஆல்பத்தைப் பாம்பன்ல இருந்து சென்னைக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுல நான் அரை டிரவுசரோட மச்சான் மடியில இருக்கேன்.

என் ஈரல்ல வலது பக்கம், கிட்டத்தட்ட 60 சதவீதம் எடுத்தாங்க. பித்தப்பையும் கூடவே போச்சு. முதல் நாலு நாள் இருமினா உயிர் போகும். தலையணையை வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமணும், நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது. போன வாரம் ஸ்கேன்ல ஈரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்திருந்துச்சு.

ஐஸ் பெட்டி தூக்க இன்னும் அனுமதி இல்லை. நல்லவேளை, ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு எப்படியும் கரையிலதான்.

மச்சானுக்கு ஆயுசுக்கும் மாத்திரை. முந்தாநாள் திண்ணையில உட்கார்ந்து கிழிஞ்ச வலையைப் பொத்த ஆரம்பிச்சிட்டார். அக்கா திட்டிக்கிட்டே இருக்கு.