கொக்குமி: ‘நிறைசுவை’ வேண்டா, ‘சுவைநிறைவு’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பூண்டின் சுவையை விளக்கும்போது வரும் ‘கொக்குமி’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு (உணவில் ஏற்கெனவே உள்ள சுவைகளுக்குக் கனமூட்டும் விளைவு அது) ‘நிறைசுவை’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் பொருள் தடம் மாறுகிறது என்பதால் என்னால் ஏற்க இயலவில்லை.

‘நிறைசுவை’ வினைத்தொகை. அதில் தலைமைச் சொல் ‘சுவை’ என்பதால், படிப்பவர் அதை இனிப்பு, புளிப்பு வரிசையில் இன்னொரு சுவையாகவே எடுத்துக்கொள்வார். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா இனங்கண்ட உமாமி (கடற்பாசிச் சாறு போன்றவற்றின் சுவை) அவ்வாறு ஒரு தனிச் சுவைதான். கொக்குமி அப்படிப்பட்டதன்று. 1990-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், பூண்டிலுள்ள ‘அல்லியின்’ (alliin) போன்ற கந்தகச் சேர்மங்கள் வெறும் தண்ணீரில் பெரிதாக எதையும் காட்டாமல், உமாமிக் கரைசலிலும் சூப்பிலும் சேர்ந்தபோது மட்டும் அவற்றின் சுவைக்குக் கனத்தையும் நீட்சியையும் வாய் நிறைந்த உணர்வையும் தந்தன.

இராயபுரத்தில் எங்கள் வீட்டில், காசிமேட்டில் வாங்கி வந்த சங்கரா மீனுக்குக் குழம்பு வைக்கும்போது, அம்மா இருபது பல் பூண்டையாவது உரித்து முழுதாகப் போடுவார். ஒருநாள் பூண்டு தீர்ந்துவிட, அது இல்லாமலே குழம்பு கொதித்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவர், “உப்பு, புளி எல்லாம் சரியாத்தான் கீது, ருசி நாக்குல நிக்கல” என்றார். இருக்கிற சுவைகளைத் தாங்கி நிறுத்தும் ஒன்று அங்கே குறைந்திருந்தது. கலைச்சொல் சுட்டவேண்டியது அதைத்தான்.

பூண்டின் காரத்தை இதனோடு குழப்ப வேண்டா. பல்லை நசுக்கும்போது அல்லியின் மீது நொதி வினைபுரிந்து அல்லிசின் பிறக்கிறது. அது எரிச்சலை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. முழுப் பல்லைக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடுவதால் அந்தக் காரம் பெரும்பாலும் எழுவதில்லை. நம் அறுசுவையில் இடம்பெற்ற கார்ப்பு இன்றைய உடலியலின் ஐந்து அடிப்படைச் சுவைகளில் இல்லாவிட்டாலும், அந்தச் சொல்லை நாம் கைவிடத் தேவையில்லை.

ஆகவே ‘சுவைநிறைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். சொற்களை முன்பின் மாற்றியதும் தலைமை ‘நிறைவு’க்குப் போய், சுவையில் ஏற்படும் நிறைவு என்று பொருள் நேராகிறது. ‘சுவைநீட்சி’யையும் எண்ணிப் பார்த்தேன், அது மூன்று பண்புகளில் ஒன்றை மட்டுமே சொல்கிறது. இவ்விளைவைத் தரும் பொருளைச் ‘சுவைநிறைவி’ எனலாம். அல்லியின், மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த குளுட்டாதையோன் (glutathione) இரண்டும் அதில் அடங்கும். ‘நிறைவு’ என்பது வயிறு நிறைந்த மனநிறைவாகத் தொனிக்கும் என்று கருதுவோர், அவ்வாறு மயங்க இடமுள்ள ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டினால் சொல்லை மீண்டும் ஆராயலாம்.