சைலன்சர் துரு: நம்ம பக்கம் வண்டி வைத்திருப்பவர்களின் அனுபவம்

காரைக்குடிக்காரர்:
கானாடுகாத்தானில் எங்கள் சித்தப்பாவின் பெட்ரோல் கார். ஓட்டம் குறைவு, பாடியில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் சைலன்சர் அடியோடு பொத்துக்கொண்டு ஊரையே எழுப்பியது. அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பொங்கல், படைப்பு, கல்யாணம் என்று வரும்போதுதான் வண்டி தெருவைப் பார்க்கும். மற்ற நாட்களில், பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாராவாரம் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.

"கடல் தொண்டியில் கிடக்கு, இங்கே எப்படிப்பா துரு?" என்றார் சித்தப்பா. பட்டறை அண்ணன் சைலன்சரின் பின் டப்பாவைக் கழற்றிக் குலுக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர் தளும்பியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் முழுக்கச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் கடைசி டப்பா சூடாவதே இல்லை. ஆவி அங்கேயே தண்ணீராகி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வெளியே துரு தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

தேவகோட்டைக்காரர்:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. இன்னொன்று, இன்ஜினை ஒட்டி இருந்து புகையைக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்ட் பழுப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வார்ப்பிரும்பு என்றால் அது வெறும் மேல்துரு. தடிமன் அதிகம், வண்டி உள்ளவரை தாங்கும். பயப்பட வேண்டியது அதன் நட்டுக்கும், நட்டு ஏறும் மரை போட்ட கம்பியான ஸ்டட்டுக்கும்தான். ஸ்பேனரைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் முறியும், அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டியதுதான். முதல் நாள் இரவே, துருவுக்குள் இறங்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆயில் விட்டு எடுக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் கேஸ் வைத்து நட்டைச் சூடுகாட்டுவார்கள். அதைப் பெட்ரோல் லைன் எங்கே போகிறது என்று தெரிந்தவர் செய்யட்டும். திரும்பப் பூட்டும்போது நட்டும், இணைப்பில் புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

புதுவயலிலிருந்து:
வெள்ளி பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். சாதாரண பெயிண்ட் அந்தச் சூட்டில் கருகி உரிந்துவிட்டது. 600 டிகிரி தாங்கும் ஹை டெம்பரேச்சர் பெயிண்ட் என்று தனியாக விற்கிறது. துருவை உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்த பிறகு அடித்தால் நிற்கும். ஆனால் அது வெளித்துருவுக்குத்தான். மேலே சொன்ன உள்துருவை எந்தப் பெயிண்டும் ஒன்றும் செய்யாது.

அதைவிட முக்கியம், பல வண்டிகளில் சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியே போட்டது. பொத்தல் என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நம்ம ஊர்ச் செம்மண் சேறும் அதை அடைத்துக் காய்ந்துவிடும். வாட்டர் வாஷ் விடும்போது ஒரு கம்பியால் குத்திவிடச் சொல்லுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து:
சத்தம் மட்டுமே பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் தலைவலி என்று எங்கள் ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில், வயசு என்றோம். பார்த்தால், சீட்டுக்கு நேர் கீழே குழாய் இணைப்பு துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, உயிரை எடுக்கும். சந்தேகம் இருந்தால், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, பின்குழாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். எங்காவது உஸ் என்று கேட்டால் அங்கே கசிவு.

காரைக்குடிக்காரர்:
நன்றி. புது டப்பா போட்டாயிற்று. சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்துவதை விடச் சொல்லிவிட்டோம். எடுத்தால் பிள்ளையார்பட்டி வரைக்குமாவது போய்த் திரும்பட்டும், குழாய் நன்றாகக் காயும். பேட்டரிக்கு? மைனஸ் வயரைக் கழற்றி வைத்தால் சீக்கிரம் இறங்காது. காரைக்குடிப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முழுக் குழாயும் செய்து தருகிறவர்கள் யாராவது இருந்தால், என்ன செலவாகும் என்று சொல்லுங்கள்.