ஞாயிறு பள்ளியில் லஞ்சம் பற்றி ஒரு பாடம்: உதவி தேவை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். அடுத்த மாதம் லஞ்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கணும்.

வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவின் கதை பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் இயேசுவைப் பார்க்க அவன் மரத்தில் ஏறியதோடு நிறுத்திவிடுகிறோம். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றானே, அதுதான் எனக்கு முக்கியம். லஞ்சம் வாங்காதே என்று சொல்லும் யாத்திராகமம் 23:8-ஐயும் வைத்திருக்கிறேன்.

திணறுவது வேறிடத்தில். "அப்பா லைசென்ஸுக்கு ஏஜென்ட் கையில் கூடுதலாகக் கொடுத்தாரே, அவரும் பாவியா?" என்று ஒரு பிள்ளை கேட்டால்? 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெற்றோரைப் பிள்ளைகள் கண்முன் தாழ்த்தாமல் எப்படிச் சொல்வது?

இப்படி வகுப்பு எடுத்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நாடகம் பலன் தருமா, கலந்துரையாடலா? ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தாவில் புகார் கொடுத்த அனுபவம் உள்ளவர் யாராவது அரை மணி நேரம் தமிழில் பேச வர முடியுமா? வகுப்பு காலை ஆராதனைக்கு முன்.