ஜாமிரோகுவாய் நாலாவது ஆல்பத்துல என்னதான் ஆச்சு?

மண்டபம்வாசி:
தடைக்காலம், போட்டு கரையில கெடக்கு, நமக்கும் வேலையில்ல. அதான் ஜாமிரோகுவாய்ங்கிற இங்கிலாந்து ஃபங்க் பேண்டோட ஆல்பத்த எல்லாம் வரிசையா கேட்டுக்கிட்டு இருக்கேன். 1993ல வந்த எமர்ஜென்சி ஆன் பிளானட் எர்த்ல ஆரம்பிச்சேன், முதல் பாட்டே டிஜரிடூங்கிற ஆஸ்திரேலிய ஊதுகுழல் சத்தத்தோட தொடங்குது, தூரத்துல ஒரு விசைப்படகு ஸ்டார்ட் ஆகுற மாதிரியே ஒரு உறுமல், அங்கயே விழுந்துட்டேன். மூணாவது வரைக்கும் அப்படித்தான். 1999 சிங்க்ரனைஸ்டுக்கு வந்ததும் என்னமோ மாறிப்போச்சு, பாட்டு நல்லாத்தான் இருக்கு, பாடுற ஜே கே குரலும் அதேதான், ஆனா உள்ள எதையோ காணோம். கடல்ல போன் ஸ்பீக்கர்ல கேட்டப்ப இது தெரியவே இல்ல, மச்சான் துபாய்லேருந்து கொண்டாந்த ஹெட்போன்லதான் தெரியுது. என் காதுலதான் கோளாறா?

கீழக்கரை காக்கா:
காது நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க தேடுறது பேஸ் கிட்டார, அடியில கனமா ஓடுற அந்த கிட்டார் சத்தத்த. மொத மூணு ஆல்பத்துலயும் ஸ்டூவர்ட் ஜெண்டர், மொத ஆல்பம் வந்தப்ப அந்தப் பயலுக்கு இருபது வயசு கூட ஆகல. 1998ல நாலாவதோட வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே வெளிய போயிட்டாரு, அப்புறம் நிக் ஃபைஃப் வந்தாரு. ரெண்டாவது ஆல்பத்துல மிஸ்டர் மூன்னு ஒரு பாட்டு, குரல விட்டுட்டு கீழ ஓடுறத மட்டும் கேளுங்க. பாடுறவர் மூச்சு விடுற இடத்துல எல்லாம் பேஸு பதில் சொல்லும், ஒரு இடத்துல நிக்காது. போன் ஸ்பீக்கர்ல, அதுவும் என்ஜின் சத்தத்துல, இது எங்க காதுல விழப்போகுது.

தொண்டி சின்னவன்:
காக்கா பேச்ச மறுக்க சங்கடமாத்தான் இருக்கு, ஆனா எல்லாத்தையும் ஒரு ஆள் தலையில கட்டுறது நியாயமில்ல. மூணாவதா 1996ல வந்த டிராவலிங் வித்தவுட் மூவிங்லயே காஸ்மிக் கேர்ள்ங்கிற பாட்டு முழு டிஸ்கோ, ட்ரம்ஸ் ஒரே சீரா டம் டம் டம் டம்னு போகும், அதுல வாசிச்சதே ஜெண்டர்தான். மொத ஆல்பத்துல ரெவல்யூஷன் 1993 பத்து நிமிஷம் தாண்டும், டிரம்பெட் மாதிரி ஊதுற ப்ராஸ் செக்ஷன் பாட்டுக்கு ஊதிக்கிட்டே கெடக்கும், யாருக்கும் அவசரமே இல்ல. அப்புறம் டான்ஸ் ஃப்ளோருக்குத் தக்கன பாட்ட இறுக்குனாங்க. இன்னொன்னு, கீபோர்டு டோபி ஸ்மித் 2002 வரைக்கும் கூடவே இருந்தாரு, அதனாலதான் 2001 ஃபங்க் ஒடிசில டிஸ்கோவுக்கு அடியிலயும் பழைய வாசம் கொஞ்சம் வருது, எனக்கு அவர் போனதுதான் பெரிய அடி. (பூமியக் காப்பாத்துங்கன்னு பாட ஆரம்பிச்ச ஜே கே மூணாவது ஆல்பம் அட்டையில ஃபெராரி முத்திரை மாதிரி போட்டாரு, அத பாத்தே நான் சுதாரிச்சிருக்கணும்.)

கீழக்கரை காக்கா:
காஸ்மிக் கேர்ள ஒத்துக்குறேன் தம்பி. ஆனா அந்த டிஸ்கோவுக்குள்ளயும் பேஸு துள்ளுதுல்ல. சிங்க்ரனைஸ்டுல வர்ற கேன்ட் ஹீட் பாட்டுல ஸ்ட்ரிங்ஸ்தான், வயலின் கூட்டந்தான் முன்னாடி நிக்குது, பேஸு கூட்டத்தோட கூட்டமா போகுது.

மண்டபம்வாசி:
இப்பத்தான் மிஸ்டர் மூன் ரெண்டு தடவ கேட்டேன் காக்கா. நாலு வருசமா கேக்குற பாட்டு, பாதிப் பாட்டத்தான் கேட்டிருக்கேன் போல. ஆனா சின்னவன் சொல்றதும் சரியாத்தான் படுது, மூணாவதுலயே திரும்பிட்டாங்க. போட்டு எறங்க இன்னும் பத்து நாள் இருக்கு, 2017 ஆட்டோமேட்டன் கேக்கலாமா, வேணாமா?

தொண்டி சின்னவன்:
கேளுங்கண்ணே, சிந்தசைசர், அந்த எலக்ட்ரானிக் கீபோர்டு சத்தம் தூக்கலா இருக்கும். மிஸ்டர் மூன் கேட்ட கையோட மட்டும் போட்றாதீங்க.

கீழக்கரை காக்கா:
அந்த ஹெட்போன் என்ன மாடல் தம்பி?