பின்னால் கொக்கி இருந்தால் இழுவை வண்டி ஆகிவிடுமா? வாங்கியவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். "டிரெய்லர் இழுப்பதற்கென்றே கம்பெனியில் தயாரான வண்டி" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். பம்பருக்குக் கீழே கொக்கியின் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் இருந்தது. பக்கத்திலேயே டிரெய்லருக்கான, நான்கு பின் கொண்ட தட்டையான மின் இணைப்பு தொங்கியது. அவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகு சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

சிறிய டிராக்டர் ஒன்றை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நீண்ட மலையேற்றத்தில் போனபோது கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, ஆற வைத்து, மறுபடி கிளம்பினேன். அடுத்த வளைவுக்குள் மறுபடி எரிந்தது. ஊர் திரும்பி ஆயிலைத் திறந்து பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்துப்போய் தீய்ந்த நாற்றம் அடித்தது.

மெக்கானிக் முன் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ரேடியேட்டர் இருந்தது, ஏசி கண்டென்சர் இருந்தது. கியர் ஆயிலுக்கென்று தனியாக இருக்க வேண்டிய சிறிய கூலர் மட்டும் இல்லை. பிறகு என்னையும் வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். சேசிஸில் உள்ள மற்ற போல்ட்டுகள் எல்லாம் துருவேறிக் கிடக்க, கொக்கியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மட்டும் புதிதாகப் பளபளத்தன. கொக்கியில் வேறொரு நிறுவனத்தின் ஸ்டிக்கர். வயரிங்கைப் பின் விளக்கின் வயரிலிருந்து வெட்டி இழுத்து டேப் சுற்றியிருந்தார்கள். யாரோ ஒருவர் படகோ எதுவோ இழுக்கப் பின்னாளில் மாட்டிய கொக்கி அது. கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பத்து நிமிடம் அடியில் படுத்துப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

உங்களில் யாராவது சரியாகச் சோதித்து வாங்கியிருந்தால் எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள்.

மறுமொழி 1:

படிக்கவே வருத்தமாக இருக்கிறது, நண்பரே. நான் வண்டிக்கு அடியில் போவதற்கு முன் உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைப் பார்ப்பேன். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப்களில் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். புதிய வண்டிகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள லேபிளில் கியூஆர் கோடாக வருகிறது. தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு என்னென்ன பொருத்தினார்களோ அத்தனையும் அதில் உண்டு.

இசட்82 என்று இருந்தால் டிரெய்லர் தொகுப்பு, அதாவது டிரெய்லர் இழுக்கக் கம்பெனியே பொருத்தித் தரும் பாகங்கள். ஆனால் அதைப் பார்த்த மகிழ்ச்சியில் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த மாடல் என்பதைப் பொறுத்து அந்தத் தொகுப்புக்குள் அடங்குபவை மாறும். கியர் ஆயில் கூலருக்குக் கேஎன்பி, இன்ஜின் ஆயில் கூலருக்குக் கேசி4, டிரெய்லரின் மின்சார பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலருக்கு ஜேஎல்1 என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. என்எச்டி என்று இருந்தால் அதிகபட்ச இழுவைத் தொகுப்பு. நான் பார்த்த ஒரு வண்டியில் இசட்82 இருந்தது, ஜேஎல்1 இல்லை. விற்றவர் அதை மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

மற்ற நிறுவன வண்டி என்றால் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு அந்த நிறுவனத்தின் டீலரிடம் போய், தொழிற்சாலைப் பொருத்தப் பட்டியலைக் கேளுங்கள். சேசிஸ் எண்ணைப் படித்தால் மட்டும் டிரெய்லர் தொகுப்பு இருக்கிறதா என்று தெரியாது. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

மறுமொழி 2:

கிரவுன் பினியன் விகிதத்தை, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கை, யாரும் சொல்லவில்லையே! ஒரே மாடல், ஒரே இன்ஜின். ஒரு வண்டிக்கு 3.23, இன்னொன்றுக்கு 3.73 என்று வரும். இழுவைத் திறன் அதிலேயே கணிசமாக மாறிவிடும். கதவு லேபிளிலோ பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் மூடியில் தொங்கும் தகட்டிலோ பார்க்கலாம். இரண்டும் இல்லாத வண்டி ஒன்றில் நான் செய்தது இது: முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் வைத்தேன். ஒரு பின் சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் போட்ட கோடு ஏறத்தாழ மூன்றேமுக்கால் முறை சுற்றி வந்தது. 3.73 என்று உறுதியாயிற்று. இது சாதாரண டிஃபரன்ஷியலுக்கான கணக்கு. லாக் உள்ளதாக இருந்து இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்றால் ஒரு சுற்று போதும்.

மறுமொழி 3:

கியர் நெம்புகோலில், சுமை இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் 'டோ/ஹால்' பொத்தான் இருப்பதைப் பார்த்து நான் ஏமாந்தேன். இழுவைத் தொகுப்பு இல்லாத பல வண்டிகளிலும் அது வருகிறது. அகலமான கண்ணாடியும் அப்படித்தான், தனியாக வாங்கி மாட்டிவிடலாம்.

இழையைத் தொடங்கியவர் சொன்ன நான்கு பின் இணைப்பு ஒரு நல்ல துப்பு. அதில் விளக்குகளுக்கான வயர் மட்டுமே உண்டு. மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஏழு பின் வட்டச் சாக்கெட் வேண்டும். பிரேக், பேட்டரி சார்ஜ், ரிவர்ஸ் விளக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ஏழு பின் இருந்தாலும் சோதனை விளக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் வண்டியில் கம்பெனிச் சாக்கெட்தான், ஆனால் சார்ஜ் வயர் பானெட்டுக்குள் எதிலும் இணைக்கப்படாமல் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. கன்ட்ரோலர் இல்லாத வண்டியில் அதற்கான இணைப்பு டேஷ்போர்டுக்குக் கீழே, பிரேக் மிதிக்கு மேலே இருக்கிறதா என்று கை விட்டுத் தேடுங்கள். அது இருந்தால் கன்ட்ரோலரை வாங்கிப் பொருத்துவது எளிய வேலை.

மறுமொழி 4:

எல்லாக் குறியீடும் சரியாக இருந்த வண்டியிலும் நான் சிக்கினேன். கதவுத் தூணில் டயர் அழுத்தத்தோடு சேர்த்து, ஆட்களும் சரக்கும் மொத்தம் இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். என் வண்டியில் 600 கிலோ. டிரெய்லர் 3,000 கிலோ. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அது பாம்பு போல நெளியும். அப்படியென்றால் 300 முதல் 450 கிலோ வரை கொக்கிக்கே போய்விட்டது. நாங்கள் நான்கு பேர், பின்னால் கருவிகள், கொக்கியின் சொந்த எடை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது வண்டி வரம்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனைப் பார்த்து யாரும் டிரெய்லர் வாங்காதீர்கள், தயவுசெய்து.

இழையைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறேன். டார்ச், சோதனை விளக்கு, சாக்பீஸ் மூன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். விற்பவரிடம் கதவு லேபிளையும் குறியீட்டுத் தாளையும் படம் பிடித்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். கதவு லேபிள் வந்துவிட்டது, 3.73 என்றுதான் காட்டுகிறது. குறியீட்டுத் தாள் இன்னும் வரவில்லை. வராவிட்டால் சேசிஸ் எண்ணோடு முதலில் டீலரிடம் போய்விட்டுத்தான் வண்டியைப் பார்ப்பேன்.